உங்காளுங்க, உங்கட ஆக்கள்

இண்டூரிலிருந்து தர்மபுரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் திடீரென்று எனக்கு வாழ்த்துச் சொன்னார். முகம் தெரியும், பெயர் தெரியாது. காலடியில் கத்தரிக்காய்க் கூடை, கையில் போன். "உங்க நாட்டுல ஆட்சி மாறிடுச்சாமேங்க. டிவில காட்டுனாங்க. புதுசா வந்தவரு நல்லவருன்னு பேசிக்கறாங்க. இனிமே நீங்கெல்லாம் ஊருக்குக் கெளம்பிரலாம் இல்லீங்களா?" அவர் முகத்தில் இருந்தது உண்மையான சந்தோஷம். பிள்ளைக்கு வரன் அமைந்தவரிடம் பேசுவதுபோலப் பேசினார். நான் "பார்ப்பம்" என்றேன். அவர் உடனே சன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தார். "எதைங்க?" என்றார். காட்டுவதற்கு வெளியே ஒன்றும் இல்லை. புளியமரங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. பார்க்கலாம் என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம் என்று விளக்கலாம்தான். இந்த ஊருக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலான பிறகும் ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற அலுப்பில் பேசாமல் இருந்துவிட்டேன். பழைய பேருந்து நிலையத்தில் இறங்கிய பிறகுதான் அவர் சொன்னதன் மறுபக்கம் உறைத்தது. நல்ல மனதோடு, சிரித்த முகத்தோடு, எப்போது போகிறீர்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்.

இலங்கையின் மன்னார் கரையிலிருந்து நாங்கள் படகேறியபோது எனக்குப் பத்து வயது. போர் திரும்பவும் தொடங்கியிருந்த நேரம். ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் முகாமில் இறக்கினார்கள். பெயர் எழுதினார்கள். பிறகு லாரியில் ஏற்றி, கடலே இல்லாத இந்த மாவட்டத்துக்குக் கொண்டுவந்து, ஓர் அணைக்கட்டுக்குப் பக்கத்து அகதி முகாமில் விட்டார்கள். விடிந்ததும் நான் கடைக்குப் போய்ப் பாண் கேட்டேன். கடைக்காரர் ஒரு பன்னை எடுத்துக் கொடுத்தார். அது இனித்தது. இந்த நாட்டில் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, சீனி போடுவார்கள் என்று பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்த வருடம் என் மாமனார் இறந்தார். செய்தி சொல்லப் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு ஓடிப்போய், "மாமா மோசம் போயிட்டார்" என்றேன். கேட்ட அந்த வீட்டு அம்மா பதறிப்போய், "யாருங்க ஏமாத்துனது?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே மொழி பேசுகிறவர்கள் என்பதால்தான் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒரே மொழிதான் வாயைத் திறந்ததும் எங்களைக் காட்டிக்கொடுக்கவும் செய்தது.

அப்படி ஏமாற்றியது யாரென்று கேட்ட அம்மாவின் கணவர்தான் மாதையன் அண்ணா. முகாமை ஒட்டி இருக்கும் தக்காளித் தோட்டம் அவருடையது. என் கணவர் அன்ரன் இங்கே வந்த புதிதில், பதினைந்து வயதுப் பையனாக, முதன்முதலில் வேலை செய்தது அந்தத் தோட்டத்தில்தான். கடற்கரைப் பையனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை. மாதையன் அண்ணா பக்கத்தில் நின்று பழக்கினார். பிறகு அன்ரன் பெயிண்டராகி, தர்மபுரியிலும் ஓசூரிலும் மாடி வீடுகளுக்கெல்லாம் வர்ணம் அடிக்கப் போனார். சாரத்தில் தொங்கிக்கொண்டு செய்யும் அந்த வேலைக்கு ஆள் கிடைக்காததால் முகாம் இளைஞர்களில் பாதிப்பேர் அந்தத் தொழிலுக்குத்தான் போனார்கள். ஊர் ஆட்கள் ஏறத் தயங்கும் உயரம் அது. இங்கே அவரை ஆண்டனி என்பார்கள். அன்ரன் என்று சொல்ல நானும் அவருடைய தம்பி யூட்டும் மட்டும்தான். யூட் இந்தியாவுக்கு வரவில்லை. பெற்றோர் இவரோடு படகேறியபோது, அவன் தாய்மாமனோடு வேறு ஊரில் இருந்தான். போர் முடிந்த பிறகு திரும்பிப்போய் அதே கரையில் வலை போட்டுக்கொண்டிருக்கிறான்.

அங்கே நடந்ததையெல்லாம் இங்கிருந்தபடியே போனில் பார்த்தோம். எரிபொருள் இல்லாமல் போனது, சனங்கள் மாளிகைக்குள் புகுந்தது, சனாதிபதி ஓடியது, பிறகு தேர்தல் வந்தது. அத்தனை காலம் ஆண்ட குடும்பங்களை அந்தச் சிறிய தீவின் சனங்கள் வாக்குச் சீட்டால் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயப் பூசைக்குப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது யூட் அழைத்தான். "அண்ணை, நான் முதல்தடவை ஒரு சிங்களக் கட்சிக்குப் போட்டனான். இஞ்ச கனபேர் போட்டவை. ஆமி பிடிச்ச காணியள விடுறம் எண்டு சொல்லுறாங்கள். அப்பான்ர வளவும் அதுக்குள்ளதான் கிடக்கு. வந்து பாருங்கோவன்." ராணுவம் பிடித்துவைத்திருந்த வீட்டு மனையைத்தான் அவன் வளவு என்றான். பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போது அவரைப் பார்த்தேன். உதடுகள் அசையவில்லை. அன்றிலிருந்து அந்த மனிதனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வாசலுக்குப் போவார். வேலைக்குப் போன இடத்தில் பாதிச் சுவரோடு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிடுவார். என்ன என்று கேட்டால், "ஒண்டுமில்லை, வெக்கையா இருக்கு" என்பார். கார்த்திகை மாதத்துக் குளிரில் வெக்கை எங்கே இருந்து வரும்.

ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று வெளியே இருப்பவர்கள் சுலபமாகச் சொல்வார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. போவதென்றால் போனதுதான். முகாமில் பெயரை எடுத்துவிடுவார்கள். திரும்பி வர வேண்டுமானால் ஒரு வெளிநாட்டுக்காரராக விசா கேட்டு வர வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எங்கள் மகள் நிரோஷா தர்மபுரி அரசு மருத்துவமனையில் பிறந்தவள். இங்கேயே பி.காம். படித்து, ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறாள். அவளுக்கு இந்த நாட்டின் குடியுரிமையும் இல்லை. அந்த நாட்டில் பதிந்துகொண்டால் அங்கே உண்டு என்கிறார்கள். அன்ரன் ஒரு மாலையில் மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தார். அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைக்காமலேயே சொன்னாள்: "நீங்க போங்கப்பா. உங்களுக்கு அங்க வூடு இருக்குது, தம்பி இருக்காரு. எனக்கு யாரு இருக்கா? இங்க பேருக்குத்தான் நான் அகதி. அங்க வந்தாத்தான் நெசமா அகதி ஆயிருவேன்." எங்களிடம்கூட அவள் பேசுவது இந்த ஊர்த் தமிழ்தான். அன்ரன் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார். நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். அவர் போய்விடுவாரோ என்ற பயம் இருந்தது உண்மை. அதைவிடப் பெரிய பயம் ஒன்றை அன்றுதான் கண்டுபிடித்தேன். போவதற்கு எனக்கு ஆசையே வரவில்லை. வரும் வரும் என்று மனதுக்குள் தேடிப் பார்த்தேன். கடல் ஞாபகம் வந்தது, ஆசை வரவில்லை.

புதிய சனாதிபதி முதல் வெளிநாட்டுப் பயணமாக டெல்லிக்குத்தான் வந்தார். இரண்டு தலைவர்களும் கைகொடுத்துச் சிரித்த படத்தை அன்ரன் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். அவருடையது ஒரு காலத்தில் தன் தொண்டர்களுக்கு இந்தியாவை எதிர்த்து வகுப்பு எடுத்த கட்சி என்று முகாமில் விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். சிறிய நாட்டில் யார் ஆட்சிக்கு வந்தாலும் பெரிய வீட்டுக்காரர் முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றார் ஒருவர். எனக்கு அந்தப் படத்தில் வேறொன்று தோன்றியது. அந்தக் கைகொடுப்பில் எங்கள் பேச்சு இருந்திருக்குமா? மீனவர் பேச்சு நிச்சயம் இருந்திருக்கும். ஏனென்றால் அது செய்தியில் வருகிற விஷயம். அணைக்கட்டு ஓரத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாகக் குடியிருப்பவர்கள் செய்தி இல்லை.

அந்த மீனவர் பேச்சுதான் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. பொங்கலுக்குப் பிறகு ஒரு காலை, நானும் அன்ரனும் இண்டூர் டீக்கடையில் பஸ்ஸுக்காக நின்றோம். டிவியில் செய்தி ஓடியது. எல்லை தாண்டியதாகச் சொல்லி ராமேஸ்வரம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருந்தது. கரையில் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பெஞ்சில் இருந்த மாதையன் அண்ணா, வழக்கமான கேலிக் குரலில்தான் சொன்னார்: "என்ன ஆண்டனி, உங்காளுங்க மறுபடியும் எங்காளுங்களப் புடிச்சிட்டாங்களே. புது ஆட்சி வந்தா எல்லாம் மாறிரும்னு சொன்ன?" எத்தனையோ முறை இப்படிச் செய்தி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அன்ரன் டீயை வேகமாகக் குடித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அன்று நகரவில்லை. "பிடிக்காம என்ன செய்யிறது அண்ணை? வந்து அள்ளிக்கொண்டு போறது ஆர்? போன கிழமை என்ர தம்பியின்ர வலையை ரோலர் இழுத்துக் கிழிச்சுக்கொண்டு போயிட்டுது. அவனும் தமிழன்தான். அவன்ர பிள்ளையளும் சாப்பிட வேணும்தானே?" மாதையன் அண்ணாவோடு எப்போதும் தர்மபுரித் தமிழில் பேசுகிறவர். அன்று வந்தது முழுக்க மன்னார்த் தமிழ்; ராமேஸ்வரத்து இழுவைப் படகுகூட அவர் வாயில் ரோலர் ஆகிவிட்டது. கடையில் பாதிப்பேருக்குப் பாதி புரிந்திருக்காது. புரிந்த அளவே போதுமாக இருந்தது. பின்னால் நின்ற யாரோ ஓர் இளைஞன், "இங்க இருந்துக்கிட்டு எப்படிப் பேசறான் பாரு" என்றான். அன்ரன் திரும்பவில்லை. மாதையன் அண்ணாவைத்தான் பார்த்தார். மாதையன் அண்ணா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. ஏறினோம். தர்மபுரியில் அன்ரன் இறங்கியதும் நேராகக் கலெக்டர் ஆபீசுக்குப் போகும் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். ஊருக்குத் திரும்ப மனுக் கொடுப்பவர்கள் போகும் இடம் அது.

மாதையன் அண்ணா சில வாரங்கள் எங்கள் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம் ஒரு பை நிறையத் தக்காளியோடு வந்து, உள்ளே வரச் சொன்னதும் தரையில் உட்கார்ந்தார். அன்ரனின் பயண ஏற்பாடு அவர் காதுக்கு எட்டியிருந்தது. "நான் பேசுனதுக்காகவா போற?" என்று கேட்டார். அன்ரன் இல்லை என்று தலையாட்டினார். மாதையன் அண்ணா தன் மூத்த மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவளை மாதேஸ்வரன் மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார். அவர் வீட்டிலும் பாதிப் பேச்சு கன்னடம்தான். "காவேரித் தண்ணிப் பிரச்சன வந்துச்சுன்னா பஸ்ஸு நின்னு போவும். சம்பந்தி போன் பண்ணாரு ஒருக்கா. உங்காளுங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்களேன்னாரு. நான் என்னத்தச் சொல்ல? என் பயிருக்குத் தண்ணி வேணும்தான். பொண்ணு அங்க இருக்குதே. சரிங்க சம்பந்தின்னு போன வெச்சிட்டேன். அன்னிக்குக் கடையில அந்தப் பையனை நான் அதட்டியிருக்கணும். வாய் வரல ஆண்டனி." அன்ரன், "விடுங்கண்ணா" என்றார். பழையபடி தர்மபுரித் தமிழ். ஆனால் பயணத்தை நிறுத்துவதாகச் சொல்லவில்லை. மாதையன் அண்ணாவும் அதைக் கேட்கவில்லை. எழுந்து போகும்போது, "ஒருநாள் எல்லாருமா ஒகேனக்கல் போயிட்டு வரலாம். எத்தன வருசம் ஆச்சு" என்றார்.

போனோம். எங்கள் மூன்று பேர், மாதையன் அண்ணா, அவர் மனைவி. தண்ணீர் மட்டாகத்தான் வந்துகொண்டிருந்தது. பரிசலில் ஏறினோம். கொஞ்சத் தூரம் போனதும் அன்ரன் பரிசல்காரரிடம் துடுப்பைக் கேட்டார். "சார், பழக்கம் உண்டுங்களா?" என்றார் அவர். "கடல்ல வளர்ந்தவர்" என்று மாதையன் அண்ணா பெருமையாகச் சொன்னார். அன்ரன் துடுப்பை வாங்கி, தோணி வலிப்பதுபோல ஒரு வலி வலித்தார். பரிசல் வட்டமடித்தது. மறுபக்கம் போட்டார். மறுபடியும் வட்டமடித்தது. முன்னும் பின்னும் இல்லாத ஒரு கூடையில் கடல்காரனின் கை என்ன செய்யும்? நிரோஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். அன்ரனும் சிரித்தார். தேர்தல் முடிந்த நாளிலிருந்து நான் காணாத சிரிப்பு. பரிசல்காரர் துடுப்பை வாங்கி இரண்டே போடில் நேராக்கினார். எதிரே இருந்த பாறைக் கரை கர்நாடகம் என்று காட்டினார். அன்ரன் கொஞ்ச நேரம் அந்தக் கரையையே பார்த்துவிட்டு, "அங்க இறங்க முடியுமா?" என்று கேட்டார். "இறங்கலாம் சார். யாரு கேக்கப் போறா?" என்றார் அவர். ஆனால் அன்ரன் இறங்கவில்லை. மீன் வறுவல் கடையில் உட்கார்ந்தபோது நிரோஷா முள் நீக்கிய மீனைத் தன் அப்பாவின் இலையில் வைத்துக்கொண்டிருந்தாள். மீனில் முள் எடுக்கத் தெரியாதவரா அவர். எடுக்க விட்டார்.

அனுமதி வந்ததும் போய்விட்டார். சென்னை விமான நிலையம் வரை நாங்கள் போகவில்லை. தர்மபுரியிலேயே பஸ் ஏற்றிவிட்டோம். அப்படிச் செய்யச் சொன்னது அவர்தான். மறுநாள் முழுவதும் போன் வரவில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வெளியேறியவர்கள் திரும்பி இறங்கும்போது நிறுத்தி விசாரிப்பார்கள் என்று முகாமில் பேச்சு இருந்தது. நிரோஷா வேலைக்குப் போகாமல் என்னோடு இருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே அறைக்குள் நடந்துகொண்டிருந்தோம். சாயங்காலம் யூட்டின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அன்ரனின் குரல். கேட்டார்களாம், எழுதினார்களாம், தேத்தண்ணி கொடுத்து விட்டுவிட்டார்களாம். "இஞ்ச எல்லாரும் என்னைப் பார்த்து நீங்கள் இந்தியாவோ எண்டு கேக்கினம்" என்று சொல்லிச் சிரித்தார். பஸ்ஸில் நடத்துனரிடம் "டிக்கெட் குடுங்க" என்று கேட்டாராம். அந்த "ங்க" காட்டிக்கொடுத்துவிட்டது.

வளவு இன்னும் விடுபடவில்லை. விடுவார்கள் என்கிறார்கள். பக்கத்துக் காணிகள் சில விட்டாயிற்று. அதுவரை யூட்டின் வீட்டில் இருந்துகொண்டு அவனோடு கடலுக்குப் போகிறார். என்னை வா என்று கேட்பதில்லை. நானும் வருகிறேன் என்று சொல்வதில்லை. நிரோஷாவுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்கிறோம். அது உண்மையும்தான், முழு உண்மை இல்லை. ஒருநாள் காலை அழைத்தபோது அவர் குரலில் ஒரு கொதிப்பு. "ராத்திரி உங்கட ஆக்கள் வந்திட்டாங்கள். எத்தனை ரோலர். வலை முழுக்கப் போச்சுது." நான், "ஆர் எங்கட ஆக்கள்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் காற்று இரைந்தது.  நான் போனை வைக்கவில்லை. அவர் சொன்னது கோபத்தில்தான் என்று எனக்குத் தெரியும். யாராவது ஒருவர் எங்களில் ஒருவரை எப்போதும் மறுபக்கத்தில் நிறுத்திக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது அதை நாங்களே செய்யப் பழகிவிட்டோமோ என்று பயமாக இருந்தது. பிறகு அவர், "பிள்ளை சாப்பிட்டாளோ?" என்று கேட்டார். சாப்பிட்டாள் என்றேன்.

அடுத்த முறை கைது செய்தி வந்தபோது நான் டீக்கடைக்கு வெளியேதான் நின்றேன். மாதையன் அண்ணா என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "ஆண்டனி எப்படி இருக்காரு? கடலுக்குப் போறாரா? இந்த நேரத்துல போவ வேணாம்னு சொல்லுமா. ரெண்டு பக்கத்துப் படகும் நிக்கிற எடத்துல இவரு சின்ன போட்டுல போய் நடுவுல மாட்டிக்கப் போறாரு" என்றார். அவருடைய கவலையை அன்று போனில் அன்ரனிடம் சொன்னேன்.  "அண்ணாவைக் கேட்டனெண்டு சொல்லு" என்றார்.

இப்போது இங்கே தேர்தல் காலம். சென்ற வாரம் ஒரு கட்சி ஜீப் ஒலிபெருக்கி முழங்க எங்கள் தெருவுக்குள் திரும்பியது. முகாம் வாசலில் நானும் நிரோஷாவும் நின்றிருந்தோம். புதிதாக வந்திருந்த ஓர் இளைஞர் இறங்கி வந்து, நிரோஷாவின் கையில் நோட்டீசைக் கொடுத்துக் கும்பிட்டார். "உங்க ஓட்டு நமக்குத்தானுங்க." ஜீப்பில் இருந்த பெரியவர் அவரைக் கூப்பிட்டு, முகாமில் யாருக்கும் ஓட்டு இல்லை என்றார். இளைஞரின் முகம் சுருங்கியது. கொடுத்த நோட்டீசை வாங்கவும் முடியாமல், விடவும் முடியாமல், "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார். "இந்த ஊருதானுங்க" என்றாள் நிரோஷா. ஜீப் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் பின்பக்கமாகவே போய், மெயின் ரோட்டில் ஏறியதும் மறுபடி முழங்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அன்ரன் கரையில் நின்று பேசினார். "என்ன சத்தம் அங்க?" என்றார். தேர்தல் என்றேன். பதிலுக்கு அவர் என்ன சொன்னார் என்று சரியாகக் கேட்கவில்லை. ஒரு காதில் வாக்குக் கேட்டுக்கொண்டே தூரமாகிப் போகும் ஒலிபெருக்கி. மற்றக் காதில், அவர் குரலையும் மீறி, அலை வந்து வந்து உடையும் சத்தம். இரண்டில் எதையும் விட மனமில்லாமல், போனை அழுத்திப் பிடித்தபடி, மகளின் பக்கத்தில் அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.